தொரை என்ன சொன்னாருங்க?

எட்டாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்தில் வியப்புச் சொற்கள் என்று ஒரு பாடம் உண்டு. ‘அலாஸ்’ என்றால் ஐயோ, ‘ஹுர்ரா’ என்றால் ஆகா. அலாஸ், அவன் இறந்துவிட்டான். ஹுர்ரா, நாம் ஆட்டத்தில் வென்றுவிட்டோம். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே பி.ஏ. ஆங்கில இலக்கியம் வரை வந்து சேர்ந்துவிட்டேன். இருபத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரரோடு மூன்று நாள் சுற்றியபோதுதான், அந்த நாட்டில் அலாஸ் என்று சொல்லி யாரும் அழுவதில்லை என்று தெரிந்தது. அவர் சொன்னதெல்லாம் ‘டியர் மீ’. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கதை எங்கே போகிறது என்று சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறுச்சாமி அண்ணனுக்கு இடது கண் போனது என்னால். ஊரில் கேட்டால் கல்லால் போனது என்பார்கள், கெட்ட நேரத்தால் போனது என்பார்கள். முதலாளி மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. என் பேரை மட்டும் நாலு வருடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். சிங்காநல்லூரில், குளத்துக்குப் போகிற வழியில், அரங்கசாமி அவர்களின் வார்ப்படப் பட்டறையில் எனக்கு வேலை. மோட்டார் பம்புக்கு வேண்டிய இரும்பு உடம்புகளை உருக்கி வார்ப்பார்கள். உருக்குகிற வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. டைப் அடிப்பேன், ஃபேக்ஸ் அனுப்புவேன், ஆங்கிலத்தில் வருகிற கடிதத்தை முதலாளிக்குத் தமிழில் சொல்வேன். வெளிநாட்டு வியாபாரம் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் என்பதால், இங்கிலீஷ் தெரிந்தவனுக்குப் பட்டறையில் மரியாதை இருந்தது. கிருபாசங்கர் என்ற என் பெயருக்குப் பின்னால் ‘சார்’ போட்டுக் கூப்பிடுவார்கள். ஆறுச்சாமி அண்ணன் மட்டும் ‘தம்பி’ என்பார், கூடவே ஒரு ‘ங்க’வும் சேர்ப்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

அவருக்குக் கிரைண்டிங்கில் வேலை. வார்த்து எடுத்த இரும்பில் ஓரம் ஓரமாகப் பிசிறு நிற்கும். வேகமாகச் சுற்றுகிற பெரிய சாணைக்கல்லில் அதை வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். கல்லை மூடிய மாதிரி ஒரு இரும்புக் கவசம் இருந்தாக வேண்டும். பெரிய உருப்படி உள்ளே நுழையவில்லை என்று அதைக் கழற்றி மூலையில் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆறுச்சாமி அண்ணனிடம் ஒரு பழக்கம். கல்லுக்கு நேராக நிற்கவே மாட்டார். உடம்பை ஒருக்களித்து, கையை மட்டும் நீட்டி, பக்கவாட்டில் நின்றுதான் தேய்ப்பார். வேலை மெதுவாகத்தான் நடக்கும். சூப்பர்வைசர் சத்தம் போட்டால் சிரிப்பார். ஒருநாள் எனக்கே காரணம் சொன்னார்.

“மாட்டுக்கும் கல்லுக்கும் நேரா நிக்கக் கூடாதுங்க தம்பி. ரெண்டும் எப்ப முட்டும்னு அதுக்கே தெரியாது.”

அந்த மாசி மாதம் அவருக்குக் கல்லின் மேல் சந்தேகம் வந்திருந்தது. சத்தம் சரியில்லை, தொண்டை கட்டின மாதிரி இருக்கிறது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். புதுக் கல் கேட்டு ஸ்டோருக்கு ஒரு சீட்டு எழுதிப் போடச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து ஆள் வருகிற அவசரத்தில் நான் எழுதவில்லை. வந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வந்தவர் பெயர் ஹாலம். அறுபத்தைந்து வயது, ஒல்லி, உயரம், தலையில் ஓலைத்தொப்பி. அவர்கள் கம்பெனி நம்மிடம் வார்ப்படம் வாங்கலாமா என்று மூன்று நாள் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் வேலை. தினமும் காலையில் முதலாளியின் அம்பாசிடரில் போய் ஹோட்டலில் இருந்து அவரை அழைத்து வருவது என் வேலை.

முதல் நாளே அந்தச் சொல் என் காதில் ஒட்டிக்கொண்டது. சர்வர் அவர் சட்டையில் காபியைச் சிந்தினான், டியர் மீ. திருச்சி ரோட்டில் நடுவாக ஒரு எருமை படுத்துக்கொண்டு நகர மறுத்தது, டியர் மீ. கரண்ட் போனது, டியர் மீ. இளநீர் குடித்து முகவாயெல்லாம் வழியவிட்டுக்கொண்டு, தானே தன்னைப் பார்த்து டியர் மீ. நம் ஆட்கள் ‘அட’ என்றும் ‘அடடா’ என்றும் ‘அட சாமி’ என்றும் ஆளுக்கும் வேளைக்கும் தகுந்தபடி இறக்கிவைப்பதை அவர் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். சத்தம் கூடாது, குறையாது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ராத்திரி வீட்டில் என் தங்கை புவனாவிடம் அதே மாதிரி சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்துப் புரண்டாள்.

இரண்டாம் நாள் காலை ஹோட்டலில் காத்திருந்தேன். இங்கிலாந்திலிருந்து போன் என்று அவரைக் கூப்பிட்டார்கள். என் முன்னாலேயேதான் பேசினார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ‘டியர் மீ’ என்றார். எருமைக்குச் சொன்ன அதே சத்தம், அதே அளவு. போனை வைத்துவிட்டு அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தார். நாற்பது வருடம் கூட வேலை செய்த நண்பர் முந்தின இரவு இறந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது கைகளை முழங்கால் மேல் வைத்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியபோது தொப்பியை மறந்துவிட்டு வந்தார்.

ஆகவே எனக்கு அர்த்தம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு அந்தச் சொல் ஒரு மூடி. உள்ளே காபி இருக்கிறதா சாவு இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் என்ன? பெண் கேட்டு வந்தவரிடம் முடியாது என்று எவரும் சொல்வதில்லை. ‘பாத்துச் சொல்றமுங்க’ என்போம். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். ‘பாத்துக்கலாமுங்க’ என்றால் அந்தக் காரியம் நடக்காது. விடைபெறுகிறவரிடம் வெறுமனே ‘போங்க’ என்றும் சொல்ல மாட்டோம், ‘போய்ட்டு வாங்க’ என்போம். மெத்தென்று பேசுகிறவர்களுக்கு மெத்தென்று பேசுகிறவனின் பாஷை புரியாமல் போகுமா? எனக்கு நன்றாகவே புரிந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முதலாளி தன் மகளுக்குப் பெருந்துறையில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவையும் பெரியப்பாவையும் அன்றைக்குப் பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர் வந்து பட்டறையைச் சுற்றிப் பார்க்கிறபோது அவர்களும் கூட நடந்தால் ஒரு கௌரவம்தானே. காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார்.

“அவரு எது சொன்னாலும் பதமாச் சொல்லு கண்ணு. ஊட்டுக்கு வாரவிய பக்கத்துல இருக்காங்கல்ல.”

வீட்டுக்குச் சம்பந்தியாக வருகிறவர்கள் என்று அர்த்தம். சரிங்க என்றேன்.

கிரைண்டிங் பக்கம் வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். ஹாலம் கல்லைப் பார்த்தார். மூலையில் கிடந்த கவசத்தைப் பார்த்தார். பிறகு மிஷினை நிறுத்தச் சொல்லி, கல்லைக் கழற்றித் தரச் சொன்னார். ஆறுச்சாமி அண்ணனுக்குச் சந்தோஷம். தன் சந்தேகத்தைத் தீர்க்க ஒருவர் கடல் தாண்டி வந்துவிட்டார் அல்லவா. கல்லைக் கழற்றி, நடுத் துளையில் ஒரு கம்பியை விட்டுத் தொங்கப் பிடித்தார். ஹாலம் திருப்புளியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரக் கைப்பிடியால் கல்லை நாலு இடத்தில் தட்டினார். நல்ல கல் வெண்கலக் கிண்ணம் மாதிரி கணீர் என்று பேசும். மூன்று இடத்தில் அப்படித்தான் பேசியது. நாலாவது இடத்தில் தட் என்றது. திரும்பவும் தட்டினார். தட்.

“டியர் மீ,” என்றார்.

அவர் முகம் முந்தின நாள் சோபாவில் பார்த்த முகம். கையை முன்னால் கட்டிக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்தார்.

“என்ன சொல்றாரு?” என்றார் முதலாளி. சம்பந்தி வீட்டார் இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

“ஒண்ணுமில்லீங்க. அடடான்னாருங்க,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹாலமுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைக் கொஞ்சம் கவனிப்பேன் என்று. ‘இந்தக் கல்லை இன்றைக்கே தூக்கிப் போடு, ஆள் செத்துப்போவான்’ என்பதை அந்த மனிதர் அப்படித்தான் சொல்வார். நான் அதை வாங்கி, பூசி மெழுகி, முதலாளியிடம் காதோரமாகக் கொடுத்தேன். நேரம் கிடைக்கிறபோது இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்றேன். முதலாளி தலையசைத்து, ‘பாத்துக்கலாம்’ என்றார். அந்தப் ‘பாத்துக்கலாம்’ என்னவென்று எனக்குத் தெரியாதா? அதையும் வாங்கி, இன்னொரு கை மெழுகி, ‘உடனே சரி செய்துவிடுகிறோம் என்கிறார், சார்’ என்று ஆங்கிலத்தில் ஹாலமிடம் கொடுத்தேன். ‘உடனே’ என்ற சொல்லை முதலாளி சொல்லவே இல்லை, அது என் கைச்சரக்கு. ஹாலம் நன்றி சொன்னார். இரண்டு பக்கமும் திருப்தி. நடுவில் நின்ற எனக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்பு.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் பாவம் பாதிதான். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, கல்லைத் திரும்ப மாட்டிக்கொண்டே ஆறுச்சாமி அண்ணன் கேட்டார்.

“தொரை என்ன சொன்னாருங்க?”

அவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. சொன்னால் அவர் அந்தக் கல்லைத் தொடமாட்டார். ஹாலமின் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் உருப்படிகள் நின்றுபோகும். ஏன் நின்றது என்று முதலாளி கேட்பார். இவர் ‘தம்பிதான் சொன்னாருங்க’ என்பார். அப்படியானால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று முதலாளி என்னைப் பார்ப்பார். இதெல்லாம் ஒரு நிமிடத்தில் எனக்குள் ஓடியது. பயந்தாங்கொள்ளிக்குக் கணக்கு மட்டும் வேகமாக வரும்.

“கல்லு நல்லா இருக்குதுன்னாருங்ணா,” என்றேன்.

“அப்பச் செரி. நாந்தான் சும்மா பயந்துட்டிருந்தனாட்ட இருக்குது,” என்று சொல்லிச் சிரித்தார்.

முதலாளியிடம் சாயங்காலம் தனியாகச் சொல்லிவிடுவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஹாலமை ரயிலேற்றப் போய்விட்டேன். மறுநாள் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று பட்டறை முழுக்க லட்டு. லட்டு சாப்பிடுகிற வாயில் கல் உடைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று விட்டேன். திங்கட்கிழமை ஆர்டர் உறுதி என்று ஃபேக்ஸ் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கும் வாய் வரவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் வெட்கத்துக்குப் பயந்து நாளைக் கடத்தினேன். சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் புதுக் கல் வந்திருக்கும். அரங்கசாமி கஞ்சன் அல்ல, கெட்டவரும் அல்ல.

பதினோராம் நாள், காலை பத்தரை மணி. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மிஷின்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. ஓடிப் போனேன். கல்லில் பாதி இல்லை. ஆறுச்சாமி அண்ணன் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார், விரல்களுக்கு நடுவே ரத்தம். அவர் உட்கார்ந்திருந்த இடம் கல்லுக்கு நேர் எதிர். பக்கவாட்டில் நிற்கிற மனிதர் அன்றைக்கு நேராக நின்றிருந்தார்.

ஏன் நேராக நின்றார் என்று கண்ணாஸ்பத்திரியில் அவரே சொன்னார். தலை முழுக்கக் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி மாரியாத்தாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சாம்பிளு அவசரம்னாங்க. நேரா நின்னா வெரசா ஆகுமுங்க. தொரையே தட்டிப் பாத்துப்போட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டாருன்னுதான் தைரியமா நின்னேனுங்க தம்பி,” என்றார்.

மாரியாத்தாள் என்னைப் பார்த்தார். அந்தத் துரைக்குக் கல்லைப் பற்றி என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டார். கையில் இருந்த ஆப்பிள் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க முதலாளி பார்த்துக்கொண்டார். மறுவாரமே எல்லா மிஷினுக்கும் கவசம் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ஆறுச்சாமி அண்ணனுக்குக் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். காலையில் நான் வரும்போது எழுந்து நின்று கேட்டைத் திறப்பார். மாலையில் போகும்போது ‘போய்ட்டு வாங்க தம்பி’ என்பார். ஒவ்வொரு நாளும். சில நாள் அதைக் கேட்காமல் போய்விட வேண்டும் என்று மதியமே வேறு வேலை சொல்லி வெளியே கிளம்புவேன், அப்போதும் எழுந்து நின்று அதையே சொல்வார்.

புதிதாக வருகிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் கண் போன கதையைச் சொல்வார். முதலாளியைக் குறை சொல்ல மாட்டார், விதியையும் சொல்ல மாட்டார். வெள்ளைக்காரரைத்தான் சொல்வார். சீமையிலிருந்து வந்து, கல்லைக் கழற்றித் தட்டிப் பார்த்தும் விரிசலைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர் என்று. அவர்கள் சிரிப்பார்கள். ஜன்னல் வழியாக அது என் மேஜை வரை கேட்கும். ஒரு சரியான மனிதரை என் பொய் நாலு வருடம் மடையராக்கி வைத்திருந்தது.

தொண்ணூற்று ஏழு பங்குனியில் ஹாலம் திரும்ப வந்தார். கையில் தடி, தொப்பி அதே தொப்பி மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஆறுச்சாமி அண்ணனை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, கல்லைத் தொங்கப் பிடித்த மனிதர் என்று. பக்கத்தில் போனவர் அந்த இடது கண் குழியைப் பார்த்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

“டியர் மீ,” என்றார். கொஞ்சம் நின்று, “டியர், டியர் மீ.”

சத்தம் கூடவில்லை, குறையவில்லை. முதலாளி வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் பின்னால் நடக்கத் திரும்பினேன்.

“தம்பி, ஒரு நிமிசமுங்க.”

நின்றேன். அவர் ஒரு கையால் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சொல்லைத்தானுங்களே அன்னைக்குக் கல்லைத் தட்டிப்போட்டும் சொன்னாரு?”

எந்தச் சொல் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். அவர் அதைத் தன் வாயில் ஒருமுறை வைத்துப் பார்த்து, ‘டேர்மீ’ என்றார்.

“நான் கல்லப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னேனுங்க, அது காதுலயே நின்னுபோச்சு. கல்லு நல்லா இருக்குதுன்னு சொல்றாருன்னீங்க. நல்லா இருக்குதுன்னு அர்த்தமா இருந்தா, எங்கண்ணப் பாத்து ஏனுங்க தம்பி அதைச் சொல்றாரு?”

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. அந்தச் சொல்லை நல்லதுக்கும் சொல்வார்கள், கெட்டதுக்கும் சொல்வார்கள் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். எருமைக்கும் காபிக்கும் சொன்னதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கலாம். அது பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். நான் செய்த பொய்யெல்லாம் பாதி உண்மையில் செய்ததுதான். அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் என்னால் இன்னொரு முறை முடியவில்லை.

“கல்லு உடைஞ்சிருக்குதுன்னுதாங்ணா சொன்னாரு,” என்றேன். “கவனிக்கச் சொன்னாரு. நான்தான் மொதலாளிக்கும் மறைச்சுப்போட்டேன், உங்ககிட்டயும் பொய் சொல்லீட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்து, திரும்பத் தள்ளினார். முதலாளிக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். துரைக்குத் தெரியுமா என்றார். அவருக்கும் தெரியாது என்றேன்.

“நாலு வருசமா அந்த மனுசனைத்தானுங்களே போற வாரவங்ககிட்டயெல்லாம் கொறை பேசிட்டிருந்தேன்,” என்றார். “பாவமுங்க.”

உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். முதலாளி தேடுவார் என்றார்.

உள்ளே ஹாலம், அந்த ஆளுக்கு எப்படி ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். முதலாளி தமிழில் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹாலம் புருவத்தைச் சுருக்கி, அன்றைக்கே உடனே சரி செய்துவிடுவதாகச் சொன்னீர்களே என்றார். அதை முதலாளிக்கு அப்படியே தமிழில் சொன்னேன். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் முதலாளி. அதையும் ஹாலமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, அந்த ‘உடனே’ என்னுடையது என்று ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லி, மிச்சத்தையும் இரண்டு பாஷையிலும் சொல்லி முடித்தேன். அந்தப் பட்டறையில் நான் மெழுகாமல் மொழிபெயர்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். ஹாலம் என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். எருமைக்கு வந்தது, காபிக்கு வந்தது, சாவுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. மேஜை மேல் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த காகிதத்தைக் காட்டச் சொன்னார்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று இருந்தேன். அனுப்பவில்லை. அடுத்த வாரம் நானாகவே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜை டிராயரில் போட்டு, ‘பாத்துக்கலாம் கண்ணு’ என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். இரண்டு வருடமாக அது அங்கேயேதான் கிடக்கிறது.

உண்மையைச் சொன்ன அன்று மாலை ஆறு மணிக்கு நான் கேட்டுக்கு வந்தேன். ஆறுச்சாமி அண்ணன் வழக்கம்போல எழுந்து நின்றார். வழக்கம்போலக் கேட்டைத் திறந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார்.

“போங்க,” என்றார்.

அவ்வளவுதான். ‘ங்க’ குறையவில்லை, குரல் உயரவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டுக்கு வந்தால்கூட ‘வாங்க’ சேர்க்காமல் வழியனுப்ப மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

மறுநாள் மாலையும் அப்படித்தான் சொன்னார். இன்றைக்கும் கேட்டைத் திறந்து அதைத்தான் சொன்னார்.